மைக் இல்லாத அறை



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். 2008-ல் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறாள். கறம்பக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், அப்படியே சாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "வேலையெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"வேலையைத் தவிர மத்ததெல்லாம் பாக்குறேன் சார்" என்று சிரித்தாள்.

பிறகு விவரமாகச் சொன்னாள். எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு இவளுக்கு. தேர்வு வந்தால் கண்காணிப்பு. ஆண்டு விழா வந்தால் நிகழ்ச்சித் தொகுப்பு. அட்மிஷன் நேரத்தில் வாசலில் நின்று பெற்றோரை வரவேற்க வேண்டும். இவளுக்குக் கொடுத்திருக்கும் அறை, பழைய விடைத்தாள் கட்டுகள் கிடந்த அறை. அதில் பாதிக் கட்டுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அறைக்கதவு பெரிய வராண்டாவைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இடைவேளைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அன்று சாயங்காலமே "லூசு" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். பெற்றோரை வரச்சொன்னால், வாசலில் நின்றபடியே "எம் புள்ளைக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று சண்டைக்கு நிற்பார்கள்.

"இதையெல்லாம்கூடச் சமாளிச்சிருவேன் சார். ஒரு புள்ள எங்கிட்டப் பேசிட்டு வெளியே போன உடனே, ஆளாளுக்கு வந்து 'அது என்ன சொல்லுச்சு?'ன்னு கேப்பாங்க பாருங்க, அதைத்தான் சமாளிக்க முடியல. சொல்லலைன்னா எனக்கு வேலை போயிரும். சொன்னா நாளைக்கு ஒரு புள்ளயும் எங்கிட்ட வராது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் அவள் இல்லை. 1996-ல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பையன்.

இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

கணக்கில் கெட்டிக்காரன். திடீரென்று வீட்டுப்பாடம் செய்வதை நிறுத்தினான். முதல் பீரியடிலேயே தலை தொங்கும். ஒருநாள் பள்ளி விட்டபிறகு புங்கமரத்தடியில் உட்காரவைத்து, அடிக்காமல் திட்டாமல் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். அப்பா சிங்கப்பூர் போய் நான்கு வருடம். ஒரு வருடமாகப் பணமும் இல்லை, கடிதமும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். அம்மா ராத்திரியெல்லாம் அழுகிறாள். இவன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் உரிக்கப் போகிறான். சொல்லி முடித்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்க சார்" என்றான். தோளில் கைவைத்து, "சொல்ல மாட்டேன்டா" என்றேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் அவனைச் "சோம்பேறிப் பய" என்று திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான்காம் நாள் வகுப்பில் ஒருவன் அவனைப் பார்த்து, "ஒங்கப்பாவுக்கு அங்க எத்தனை புள்ளைடா?" என்று கேட்டான். இவன் அடித்துவிட்டான். அடித்துவிட்டு வெளியே போனவன் திரும்பப் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நிலைப்படியை விட்டு நகராமல், "நீங்க படிக்க வச்சது போதும் சார்" என்றார். கொஞ்ச நாளில் அவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துப்போட்டதே, அதற்குப் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். விழுந்த மரங்களைப் பார்க்க வந்திருந்தான். அவன்தான் என்னை அடையாளம் கண்டு, "சார், வாங்க டீ சாப்பிடலாம்" என்றான். மரங்களைப் பற்றிப் பேசினோம், நிவாரணத்தைப் பற்றிப் பேசினோம், அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். அதைப் பற்றி மட்டும் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ் வந்துவிட்டது. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையனுக்கு அதனால் என்ன லாபம்? இன்றைக்கு என் மாணவியிடம் "அது என்ன சொல்லுச்சு?" என்று கேட்பவர்களும் கெட்ட எண்ணத்தில் கேட்பவர்கள் இல்லை. அதனால்தான் இது பெரிய சிக்கல்.

நம் பக்கத்து வழக்கம் அப்படி. ஆடி பிறந்தால் கறம்பக்குடி, கீரமங்கலம், பேராவூரணி என்று எங்கும் மொய்விருந்து. யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் ஏறும், பெயரும் தொகையும் மைக்கில் ஒலிக்கும். சாவு, சடங்கு, பஞ்சாயத்து எல்லாமே ஊரறிய நடக்கும். இதில் நன்மையும் உண்டு. ஒரு வீடு தனியாகக் கஷ்டப்பட ஊர் விடாது. ஆனால் மைக் வைக்கக்கூடாத இடம் ஒன்றும் இருக்கிறது என்பதை நாம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி ஆலோசகரின் அறை அந்த இடம்.

தமிழில் இந்த வேலைக்கு ஆற்றுப்படுத்துதல் என்று அழகான சொல் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவருக்கும் ஆற்றுப்படுத்துநர் என்றுதான் பதவிப் பெயர். ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படை நூல்களில், பரிசு பெற்று வருகிற பாணன் எதிரே வருகிற ஏழைப் பாணனுக்கு, இன்ன வழியில் போ, இன்னாரைப் பார் என்று சொல்வான். தானே கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. ஆலோசகர் செய்வதும் அதுதான். பிள்ளை தன் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும். பிறகுதான் வழி சொல்ல முடியும். நம்பிக்கை இல்லாத இடத்தில் பிள்ளை பாரத்தை இறக்காது. டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி, இவர்களுக்கு இருக்கும் ஒரே கருவி அந்த நம்பிக்கைதான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். நாடே அதிர்ந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை நடமாடும் ஆலோசனை மையங்கள் என்று பத்து வண்டிகளைக் கொண்டுவந்தது. அப்போது மாநிலத்தில் 32 மாவட்டங்கள். நான் கணக்கு வாத்தியார், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டும் ஆறாயிரம் என்று வைத்துக்கொண்டாலும், வண்டிக்கு 600 பள்ளி. வருடத்துக்கு வேலைநாள் 200. தினம் ஒரு பள்ளி என்று ஓடினாலும், ஒரு பள்ளிக்குத் திரும்ப வர மூன்று வருடம் ஆகும். முதல் தடவை ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளை, வண்டி அடுத்த தடவை வரும்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும். வண்டியில் வந்தவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருபவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

2018-ல் 14417 என்ற உதவி எண் வந்தது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைத்தார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ், எண் 14416, தொடங்கியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பெட்டியில் போட்ட சீட்டுக்குப் பதில் சொல்ல, அந்தப் பள்ளியிலேயே தினமும் இருக்கும் ஒரு மனிதர் வேண்டாமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நாளொன்றுக்கு 35 பேருக்குக் குறையாமல். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதைவிடச் சின்ன நிறுவனங்கள் வெளியே இருக்கும் மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்களுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்காவின் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது. அந்த நிலைக்கு நாம் வர நாளாகும். வரும்போது வரட்டும். ஆனால் ஆளைப் போட்டுவிட்டு அவரை நிகழ்ச்சித் தொகுப்புக்கு அனுப்பினால், நூறு பேருக்கு ஒருவர் என்றாலும் பிரயோசனம் இல்லை.

நம் வயதுக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். டீக்கடையில் பேச்சு எடுத்தவுடனேயே ஒருவர் சொன்னார்: "அந்தக் காலத்துல நமக்கு யாருய்யா கவுன்சலிங் குடுத்தா? நாம வளரலையா?"

வளர்ந்தோம். ஆனால் நமக்கு அப்பத்தா இருந்தாள். அவள் மடி இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு சித்தப்பா கோபப்பட்டால் இன்னொரு சித்தப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போவார். இன்றைக்கு அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், அம்மா ஒரு ஆளாக வீட்டையும் தோப்பையும் பார்க்கிறாள், பிள்ளை கையில் போன் இருக்கிறது. நாம் வளர்ந்தோம் என்பது சரி, எல்லோருமா வளர்ந்தார்கள்? ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைத் திறக்கவே பயந்த வருடங்கள் எத்தனை? தேறாதவர்களுக்கு அதே வருடம் மறுதேர்வு எழுத வழி செய்தார்கள். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். அப்போதும் "இதெல்லாம் எதுக்கு?" என்றுதான் நம்மில் பலர் கேட்டோம். நானும் கேட்டேன். எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

இன்னொரு கேள்வி நியாயமானது. பெற்றவர்களிடமே மறைப்பதா? அதற்கும் என் மாணவி பதில் சொன்னாள். ரகசியத்துக்கு எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. இந்த எல்லையை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவாளாம். "இதை இதை மட்டும் நான் சொல்லியாகணும், மத்தது நம்ம ரெண்டு பேரோட இருக்கும்." பெற்றோரிடம் பேச வேண்டியிருந்தால், என்ன பேசப் போகிறேன் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பேசுவாள். இது மறைப்பது ஆகாது. முறையாகச் சொல்வது. நான் புங்கமரத்தடியில் செய்யத் தவறியது இதைத்தான். அந்தப் பையனிடம், "ஒன்னோட கிளாஸ் டீச்சருக்கு மட்டும் தெரிஞ்சா நல்லது, சொல்லட்டுமாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆசிரியரே இதைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். முதலில் கவனிப்பவர் ஆசிரியர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மார்க் போடும் கையிடம் பிள்ளை எல்லாவற்றையும் கொடுக்காது. ஆசிரியர் கவனித்து அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு தோண்டித் துருவக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? என் மாணவி சொன்னதையும் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை. ஏசி வேண்டாம், சோபா வேண்டாம். இரண்டு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர், சாவி போட்டுப் பூட்டக்கூடிய ஒரு அலமாரி. அறை நூலகத்தை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. புத்தகம் எடுக்கப் போகிறானா பேசப் போகிறானா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது அவர்களுக்கென்று தனி நேரம். கால அட்டவணையில் அவர்கள் பெயருக்கு மாற்று வகுப்பு என்று எழுதக்கூடாது. எந்தப் பிரச்சினையும் இல்லாத பிள்ளைகளையும், எல்லா வகுப்பையும், வருடத்துக்கு ஒருமுறையாவது ஆலோசகர் பார்க்க வேண்டும். எல்லோரும் போகிற அறை என்றால் "லூசு" பட்டம் தானாகப் போய்விடும்.

மூன்றாவது, ஆலோசகருக்கும் ஒரு ஆலோசகர். நாள் முழுக்க மற்றவர் பாரத்தைக் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் தனியே ரூமுக்குப் போகும் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். "சில நாள் சாப்பிடவே முடியாது சார்" என்றாள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒருநாள் வட்டாரத்து ஆலோசகர்களைக் கூட்டி வைத்து, பிள்ளைகளின் பெயர் சொல்லாமல் கடினமான விஷயங்களை மூத்தவர்களோடு பேச ஏற்பாடு செய்தால் பெரிய செலவு ஆகாது. தன் கையை மீறியதை யாரிடம் அனுப்புவது என்பதும் அதில் தெளிவாகிவிடும்.

நான்காவது நிலையான வேலை. பத்து மாத ஒப்பந்தம் போட்டு மே மாதம் அனுப்பிவிட்டால், ஜூன் மாதம் பிள்ளை புது முகத்திடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை தடவைதான் ஒரு பிள்ளை ஒரே அழுகையை முதலிலிருந்து அழும்?

இதெல்லாம் பள்ளியும் அரசும் செய்ய வேண்டியது, ஓய்வுபெற்ற நமக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அரசாங்கம் மட்டுமா அதைச் செய்தது? ராத்திரி அரிக்கேன் விளக்கோடு ஊர் ஊராகப் போன தொண்டர்கள் செய்தார்கள். உங்களில் சிலரும் போயிருப்பீர்கள்.

இன்றைக்கு நாம் செய்யக்கூடியது அதைவிடச் சின்னது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பிள்ளைகளோ மருமகள்களோ இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், "ஆலோசகருக்கு அறை இருக்கா? ஆலோசகர் இல்லைன்னா யாரோட தொடர்பு வச்சிருக்கோம்?" என்று கேட்கச் சொல்லலாம். முன்னாள் மாணவர்கள் பெஞ்சும் பீரோவும் வாங்கித் தருகிறார்கள். அதில் ஒரு அறைக்குத் தடுப்பும் கதவும் போட்டுத் தரச் சொல்லலாம். 14417, 14416, குழந்தைகளுக்கான 1098 இந்த மூன்று எண்களையும் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைக்கலாம். பேரனிடம் "ஏன்டா மார்க் குறைஞ்சது?" என்று கேட்பதற்குப் பதில், ஒருநாள் ஒன்றுமே கேட்காமல் பக்கத்தில் உட்காரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்காமல் இருக்கப் பழக வேண்டும். இது நமக்குத்தான் ரொம்பக் கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

காபி முடிந்து கிளம்பும்போது, போன மாதம் ஒரு பெண்பிள்ளைக்காகத் தலைமை ஆசிரியரோடு வாக்குவாதம் செய்ததாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறதாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அந்தப் புள்ள அப்படி என்னதாம்மா சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "காபி ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அம்மாகிட்ட சொல்லிருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.